விவாகரத்து, குழந்தை வழக்கு: வக்கீலைத் தேடுவதும் ஃபீஸைச் சமாளிப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மாவட்ட நீதிமன்ற வளாகம் ஒன்றில், சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தின் முன்மேசையில் பி.எல்.வி. என்று சொல்லும் சட்டத் தன்னார்வலராக உட்கார்கிறேன். நான் வக்கீல் இல்லை. வருகிறவர்களிடம் விஷயத்தைக் கேட்டு, மனு எழுத உதவி, எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று சொல்வது என் வேலை. விவாகரத்து கிடைக்குமா என்று கேட்பவர்களைவிட "எவ்வளவு செலவாகும்க்கா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அந்தக் கேள்விக்குப் பயந்தே வருஷக்கணக்கில் வீட்டுக்குள் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். இதில் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை.

கையில் காசே இல்லை. நான் வக்கீல் வைக்க முடியுமா?

முடியும். நீங்கள் பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்றுகூட யாரும் கேட்கக் கூடாது. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-வது பிரிவு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவியை உரிமையாகவே கொடுத்திருக்கிறது. வேலைக்குப் போகிற பெண்ணுக்கும் அது உண்டு. "சம்பளம் வாங்குறேனே, எனக்குக் குடுப்பாங்களா?" என்று தயங்கி வாசலோடு திரும்பிப் போன ஒரு டீச்சரை வராந்தா வரைக்கும் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன்.

ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகா நீதிமன்றங்களில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் மதுரைக் கிளைக்கும் தனித்தனிக் குழுக்கள். எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வெள்ளைத்தாளில் உங்கள் பெயர், முகவரி, எதிர்த்தரப்பு யார், என்ன பிரச்சினை என்று எழுதிக் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாது என்றால் நீங்கள் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிக்கொள்வோம். ஆதார் நகல், கல்யாணப் பத்திரிகையோ போட்டோவோ, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இருந்தால் எடுத்து வாருங்கள். இல்லாவிட்டாலும் வாருங்கள்.

வக்கீல் ஃபீஸ் மட்டுமல்ல. கோர்ட் கட்டணம், நோட்டீஸ் அனுப்பும் கட்டணம், தட்டச்சு, தீர்ப்பு நகல் ஆகிய செலவுகளும் இதில் அடங்கும்.

ஆண்களுக்கு இலவச வக்கீல் கிடையாதா?

உண்டு. ஆண்டு வருமானம் மாநிலம் வகுத்த வரம்புக்குள் இருக்க வேண்டும். தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழை இணைக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது. குழந்தையைப் பார்க்க முடியாமல் தவிக்கும் அப்பாக்கள் பலருக்கு இந்த வழி இருப்பதே தெரியவில்லை.

இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்றுதானே நடத்துவார்?

இந்தப் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். எங்கள் பேனலில், அதாவது ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலில், உயிரைக் கொடுத்து வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாய்தாவுக்கே வராமல் ஜூனியரை அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். காசு கொடுத்து வைக்கும் வக்கீல்களிலும் இந்த இரண்டு ரகமும் உண்டு.

உங்கள் கையில் ஒரு பிடி இருக்கிறது. ஆணைக்குழுவின் செயலாளர் ஒரு நீதிபதி. உங்கள் வக்கீல் போனை எடுப்பதில்லை, மனு போடாமல் இழுத்தடிக்கிறார் என்றால் செயலாளரிடம் எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேட்கலாம். பேனல் வக்கீலுக்கு ஆணைக்குழு பணம் தருகிறது. அவர் உங்களிடம் "டைப்பிங் செலவுக்கு", "குமாஸ்தாவுக்கு" என்று ஒரு ரூபாய் கேட்டாலும் தவறு. கேட்டால் கொடுக்காதீர்கள், வந்து சொல்லுங்கள்.

என் வழக்குச் செலவைக் கணவரிடமிருந்தே வாங்க முடியுமா?

முடியும். இந்து திருமணச் சட்டத்தின் 24-வது பிரிவில், விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்டு மனு போடலாம். வருமானமில்லாத கணவரும் சம்பாதிக்கும் மனைவியிடம் கேட்கலாம். சட்டத்தின் வாசகம் இருவருக்கும் பொது. கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்திலும், சிறப்புத் திருமணச் சட்டத்திலும் மனைவிக்கு இதே வழி 36-வது பிரிவில் இருக்கிறது. எந்த மதத்தவராக இருந்தாலும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125, அதாவது 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144-வது பிரிவின் கீழ் மனைவிக்கும் குழந்தைக்கும் ஜீவனாம்சம் கேட்கும்போது வழக்குச் செலவையும் சேர்த்துக் கேட்கலாம். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் இடைக்கால மனுவை முடிந்தவரை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் இழுக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும்.

இங்கே 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் தந்த தீர்ப்பு பெரிய துணை. ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் தங்கள் சம்பளம், சொத்து, கடன் எல்லாவற்றையும் சத்தியப் பிரமாணமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும். ஆகையால் "கேஸ் முடியட்டும், அப்புறம் கேட்டுக்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். மனு தள்ளிப்போகிற ஒவ்வொரு மாதமும் உங்கள் பணம்.

வீட்டில் அடி உதை. விவாகரத்து யோசிக்கவே நேரமில்லை. முதலில் எங்கே போவது?

பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்யுங்கள். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி மாஜிஸ்திரேட்டிடம் மனு போட அவரே உதவுவார். பாதுகாப்பு, வீட்டில் தங்கும் உரிமை, பணம், குழந்தையைத் தற்காலிகமாக உங்களிடம் வைத்திருப்பது என எல்லாவற்றையும் அந்த ஒரே மனுவில் கேட்கலாம். வக்கீலைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

நல்ல குடும்ப வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது?

விளம்பரத்தை வைத்துத் தேடாதீர்கள். நம் நாட்டில் வக்கீல்கள் விளம்பரம் செய்யவே கூடாது என்பது பார் கவுன்சில் விதி. இணையதளங்கள் வழியாகக் கட்சிக்காரர் பிடிப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கடுமையாகக் கண்டித்தது. "நம்பர் ஒன் விவாகரத்து வக்கீல்" என்று போனில் முதலில் வந்து நிற்கும் பெயர் காசு கொடுத்து நிற்கும் பெயராக இருக்கலாம். அதேபோல, மகளிர் காவல் நிலைய வாசலிலோ கோர்ட் டீக்கடையிலோ "எனக்குத் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் இருக்கார்மா" என்று வருகிறவரையும் தள்ளி வையுங்கள். அவருடைய கமிஷனும் உங்கள் தலையில்தான் விழும்.

நான் எல்லோருக்கும் சொல்லும் வழி ஒன்றுதான்: உங்கள் ஊர்க் குடும்ப நீதிமன்றத்துக்கோ, அது இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றத்துக்கோ ஒரு நாள் காலை பத்தரைக்குப் போய் வராந்தாவில் உட்காருங்கள். உள்ளே விசாரணையைப் பார்க்க எல்லா வழக்கிலும் விட மாட்டார்கள். குடும்ப வழக்குகளில் ஒரு தரப்பு கேட்டாலே கதவைச் சாத்தி விசாரிக்க வேண்டும். வராந்தாவே போதும். டவாலி பெயர் கூப்பிடும்போது எந்த வக்கீல் கட்சிக்காரர் பக்கத்தில் நிற்கிறார், யார் கட்சிக்காரரைத் தனியே உள்ளே அனுப்பிவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருக்கிறார், வெளியே வந்ததும் யார் இரண்டு நிமிடம் நின்று "இன்னைக்கு இதுதான் நடந்துச்சு, அடுத்த வாய்தாவுக்கு இதைக் கொண்டு வாங்க" என்று சொல்கிறார், எல்லாம் தெரிந்துவிடும். காத்திருக்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுங்கள். அவர்களைவிட நல்ல சாட்சி யாரும் இல்லை.

இரண்டு மூன்று பேரைப் பாருங்கள். ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: என் மாதிரி வழக்கு இந்தக் கோர்ட்டில் எத்தனை வருஷம் ஓடுகிறது? நீங்களே வருவீர்களா, ஜூனியர் வருவாரா? சமரசத்துக்கு வாய்ப்பு இருக்கிறதா? "ஆறே மாசத்துல வாங்கித் தர்றேன், ஜட்ஜ் நமக்கு வேண்டியவர்" என்று சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் வழக்கில் உள்ள பலவீனத்தை முதல் நாளே சொல்கிற வக்கீல் கிடைத்தால் விடாதீர்கள்.

முதல் தடவை போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

போன வருஷம் ஒரு அம்மா மஞ்சப்பையோடு வந்தார். உள்ளே கல்யாண ஆல்பம், ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, நகைக்கடை ரசீது, மகளின் தடுப்பூசி அட்டை எல்லாம் குழம்பிக் கிடந்தன. அடியில் ஒரு தினசரி காலண்டரின் தாள்கள். கணவர் அடித்த நாட்களின் தாளைக் கிழித்துப் பின்பக்கம் பென்சிலால் ஒரு வரி எழுதி வைத்திருந்தார். "சோத்துல உப்பு" என்று ஒரு தாளில். "பாப்பா முன்னாடி" என்று இன்னொன்றில். முப்பத்தோரு தாள். அவர் வக்கீலுக்கு அந்த ஆல்பத்தைவிட அந்தத் தாள்கள்தான் உதவின, ஏனென்றால் மனுவில் தேதி வேண்டும்.

நீங்களும் இரண்டு பக்கத்தில் தேதிவாரியாக எழுதிக்கொண்டு போங்கள்: கல்யாணம் எப்போது எங்கே, குழந்தை எப்போது, பிரிந்தது எப்போது, போலீசுக்கோ பஞ்சாயத்துக்கோ போனது எப்போது. போட்ட நகை, சீர்வரிசைப் பட்டியல் தனித்தாளில். கணவர் வேலை, சம்பளம், வங்கி விவரம் தெரிந்த அளவு. அசல் எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும். இந்த இரண்டு பக்கம் இருந்தால் முதல் சந்திப்பு அழுவதிலேயே போகாது. அழக் கூடாது என்று சொல்லவில்லை. அழுது முடித்தபின் எடுத்து நீட்ட அந்தத் தாள் வேண்டும்.

ஃபீஸ் எவ்வளவு கேட்பார்கள்?

ஊருக்கு ஊர், வக்கீலுக்கு வக்கீல் மாறும். நான் ஒரு தொகை சொன்னால் அது உங்களைத் தவறாக நடத்திவிடும். எப்படிக் கேட்பார்கள் என்பதைச் சொல்கிறேன். முழு வழக்குக்கும் சேர்த்து ஒரு தொகை. அல்லது மனு தாக்கலுக்கு இவ்வளவு, குறுக்கு விசாரணைக்கு இவ்வளவு, வாதத்துக்கு இவ்வளவு என்று கட்டம் கட்டமாக. அல்லது வாய்தாவுக்கு இவ்வளவு. கடைசி வகையில்தான் குடும்பங்கள் கரைகின்றன. நீதிபதி லீவு, எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, நோட்டீஸ் திரும்பிவிட்டது என்று எதுவும் நடக்காத நாட்களே அதிகம். அத்தனைக்கும் நீங்கள் பணம் கட்டுவீர்கள். கட்டம் கட்டமாகக் கொடுப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

பேசிய தொகையை எழுதி வாங்குங்கள். வக்கீலிடம் எழுதிக் கேட்கக் கூச்சமாக இருந்தால், வீட்டுக்கு வந்து ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: "சார், இன்று மனு தாக்கலுக்கு இவ்வளவு கொடுத்தேன். குறுக்கு விசாரணை வரும்போது இவ்வளவு என்று சொன்னீர்கள். சரிதானே?" அவர் "சரிம்மா" என்று பதில் போட்டால் அதுவே போதும். பணத்தை ஜிபேயில் கொடுங்கள், கையில் கொடுத்தால் ரசீது கேளுங்கள்.

தாலியை அடகு வைத்து முழுத் தொகையையும் முதல் நாளே கொட்டாதீர்கள். வழக்கு மூன்றாம் வருஷம் நடக்கும்போது வட்டியும் சேர்ந்து நிற்கும்.

"ஃபீஸ் வேண்டாம், வரும் தொகையில் பத்து பர்சன்ட் கொடுத்தால் போதும்" என்கிறாரே?

நம் நாட்டில் அது கூடவே கூடாது. தீர்ப்பைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதும், கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்பதும் பார் கவுன்சில் விதிப்படி தடை. ஜீவனாம்சம் உங்கள் குழந்தையின் ஸ்கூல் ஃபீஸ். அதில் யாருக்கும் பங்கு இல்லை.

வக்கீலை மாற்ற வேண்டும். ஆனால் பாக்கிப் பணம் கட்டினால்தான் கேஸ் கட்டைத் தருவேன் என்கிறார்.

கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களை வக்கீல் நிறுத்தி வைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-த்திலேயே சொல்லிவிட்டது. பாக்கி இருந்தால் அதை அவர் தனியாக வசூலித்துக்கொள்ள வேண்டும். முதலில் மரியாதையாகக் கேளுங்கள், பிறகு பதிவுத் தபாலில் கடிதம். புதிய வக்கீல் மாற்று வக்காலத்து போடும்போது பழையவரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். அவர் மறுத்தால் நீதிமன்றத்திடம் அனுமதி கேட்டு மனு போடலாம். அதற்கும் மேலே போனால் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் தரலாம்.

வக்கீலை மாற்றுவதற்கு முன் இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது, அடுத்த தேதி எது என்று அதில் இருக்கும். சில சமயம் தாமதம் வக்கீலால் இல்லை என்பது தெரியவரும்.

குழந்தை யாரிடம் போகும்? அதற்குத் தனியாக வக்கீல் வேண்டுமா?

தனி வக்கீல் வேண்டாம், ஆனால் தனியாக யோசிக்க வேண்டும். விவாகரத்து வழக்கு நடக்கும்போதே இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவில் குழந்தைக்காக மனு போடலாம். விவாகரத்து கேட்காமலே குழந்தைக்காக மட்டும் வழக்கென்றால் 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர்க் கோர்ட்டில் போட வேண்டும். ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டம். அதற்கு மேல் கணக்கு ஒன்றே: குழந்தையின் நலன். அப்பா அதிகம் சம்பாதிக்கிறார் என்பதற்காகக் குழந்தை அவரிடம் போய்விடாது. அம்மா வேலைக்குப் போகிறார் என்பதும் குற்றமில்லை.

நீதிபதி பார்ப்பது சின்னச் சின்ன விஷயங்களை: ஸ்கூல் டைரியில் கையெழுத்துப் போட்டது யார், காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிச் சீட்டில் யார் பெயர், நீங்கள் வேலைக்குப் போனால் குழந்தை யாரோடு இருக்கும். விவரம் தெரிந்த குழந்தையென்றால் நீதிபதி தன் அறைக்குள் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். ஏழு வயதுப் பையன் ஒருவன், நீதிபதி "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டதற்கு, "எனக்கு அப்பா வேண்டாம்" என்று பதில் சொன்னானாம். அவன் அம்மாவே வெளியே வந்து சொல்லி அழுதார்.

வழக்கு முடிய நாளாகும். குழந்தை தன்னிடம் இல்லாதவர் முதலில் இடைக்காலமாகப் பார்க்கும் உரிமை கேட்க வேண்டும். வாரம் ஒரு நாள், பள்ளி விடுமுறையில் சில நாள், தினமும் வீடியோ கால் என்று குறிப்பாகக் கேளுங்கள். நேரில் பார்க்க முடியாத பெற்றோர் போனிலும் வீடியோவிலும் பேசும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2020-இல் யஷிதா சாகு வழக்கில் வலியுறுத்தியிருக்கிறது. ஒப்புக்கொள்ளக்கூடிய இடத்தில் ஒப்புக்கொண்டுவிட்டால் அதற்கான ஐந்தாறு மனுக்களின் செலவு மிச்சம்.

இருவருக்கும் சம்மதம். ஒரே வக்கீல் போதுமா?

எல்லாம் பேசி முடிந்திருந்தால் போதும். இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் ஒரு வருஷம் பிரிந்திருந்தால் கூட்டு மனு போடலாம்; இரண்டாவது முறை ஆஜராக ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், தகுந்த வழக்குகளில் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. செலவு குறைந்த வழியும் இதுதான்.

ஆனால் கையெழுத்துப் போடுமுன் அந்த ஒப்பந்தத்தை உங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். எங்கள் அலுவலகத்தில் இலவசமாகவே பார்த்துச் சொல்வார்கள். நகை திரும்ப வந்ததா, குழந்தையின் படிப்புச் செலவு யாருடையது, பாஸ்போர்ட்டுக்கு யார் கையெழுத்து, நிலுவையில் உள்ள மற்ற வழக்குகள் என்ன ஆகும், எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். மொத்தத் தொகையில் ஒரு பகுதியை முதல் மனுவின்போதும் மீதியைத் தீர்ப்பு நாளிலும் டி.டி.யாக வாங்குவது வழக்கம். "அப்புறம் தர்றேன்" என்பதற்குக் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு.

வக்கீலே இல்லாமல் நானே வாதாடலாமா?

தாராளமாக. 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13-வது பிரிவு, வக்கீல் வைப்பதை யாரும் உரிமையாகக் கேட்க முடியாது என்றே சொல்கிறது. நடப்பில் அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். ஜீவனாம்ச மனுவையும் சம்மத விவாகரத்தையும் தானே நடத்தியவர்கள் இருக்கிறார்கள். எதிர்த்தரப்பு குழந்தைக்காக மல்லுக்கட்டினால் மட்டும் தனியாக நிற்காதீர்கள். குறுக்கு விசாரணை வேறு வித்தை.

விவாகரத்து நோட்டீஸ் வந்திருக்கிறது. காசில்லாததால் போகாமல் இருந்துவிட்டால்?

போய்விடுங்கள். வாய்தா தேதியில் வெறுங்கையோடு போய் நின்று, "வக்கீல் வைக்க வசதியில்லை, அவகாசம் வேண்டும்" என்று நீங்களே நீதிபதியிடம் சொல்லலாம். போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆகி, உங்களைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும். வந்துவிட்டால் 30 நாளுக்குள் அதை ரத்து செய்யக் கேட்க வேண்டும். அந்த ஓட்டத்துக்கும் செலவு.

வழக்கைக் கணவர் தன் ஊரில் போட்டிருக்கிறார். பஸ் செலவே தாங்கவில்லை.

மாநிலத்துக்குள் என்றால் உயர் நீதிமன்றத்தில், வேறு மாநிலம் என்றால் உச்ச நீதிமன்றத்தில் உங்கள் ஊருக்கு மாற்றக் கேட்கலாம். இரண்டு இடத்திலும் இலவச சட்ட உதவி உண்டு. மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே விவாகரத்து மனு போடலாம் என்பது 2003 முதல் இந்து திருமணச் சட்டத்தில் இருக்கிறது.

கணவர் வெளிநாட்டில் விவாகரத்து வாங்கிவிட்டாராம்.

பயந்து எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இங்கே இந்து முறைப்படி நடந்த கல்யாணத்தை, நம் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக, நீங்கள் அந்தக் கோர்ட்டை ஏற்று வழக்காடாத நிலையில் முறித்த வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லாது என்று 1991-இல் நரசிம்ம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வந்த காகிதத்தைக் கிழிக்காமல், உறையோடு எடுத்து வாருங்கள். உறையில் உள்ள தேதியும் வேண்டும்.

உங்கள் அலுவலகத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரலாமா?

வாருங்கள். கோர்ட் வேலை நாட்களில் எங்கள் மேசை திறந்திருக்கும். காலையில் கூட்டம், இரண்டு மணிக்கு மேல் வந்தால் நிதானமாகப் பேசலாம். மேசை இழுப்பறையில் கலர் பென்சில் வைத்திருக்கிறேன்.